மழை இரவில் தானாக அலறும் அலாரம்: பழைய பிக்கப்பில் கோளாறைத் தேடுவது எப்படி?

கேள்வி: என்னிடம் இருபது வருடத்துக்கு மேல் பழசான பிக்கப் ஒன்று இருக்கிறது. எனக்கு முன்பு வைத்திருந்தவர் வெளியில் வாங்கிப் பொருத்திய திருட்டு அலாரம் அதில் உள்ளது. விளக்கப் புத்தகம் எதுவும் இல்லை. சில மாதங்களாக, அதிலும் மழை பெய்த இரவுகளில், யாரும் கிட்டவே போகாமல் சைரன் அலறுகிறது. ரிமோட்டால் அடக்கினால் கொஞ்ச நேரத்தில் மறுபடியும் ஆரம்பிக்கிறது. சில நாள் காலையில் சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற சத்தம்கூட இல்லை. ரிமோட்டை இரண்டு மூன்று தடவை அழுத்திவிட்டுத் திருப்பினால் வண்டி கிளம்பிவிடுகிறது. ரிமோட்டும் வண்டியை ஒட்டி நின்றால்தான் வேலை செய்கிறது. புது பேட்டரி போட்டும் பலன் இல்லை. அலாரம் ஒயரை வெட்டிவிடச் சொல்கிறார் ஒரு மெக்கானிக். புது அலாரம் போடச் சொல்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு இரண்டு பேர் சொல்வதையும் தள்ளி வையுங்கள்.

வெட்டுவது ஏன் கூடாது என்றால், வெளியில் வாங்கிப் பொருத்தும் அலாரங்களில் பெரும்பாலும் ஸ்டார்ட்டருக்குப் போகும் ஒயரையே நடுவில் துண்டித்து, ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாகத் திருப்பி விட்டிருப்பார்கள். அந்த ரிலே எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் ஒயர்களை வெட்டினால் வண்டி அந்த இடத்திலேயே நின்றுவிடலாம். அதோடு, பேட்டரியிலிருந்து நேராக வரும் ஒயரின் வெட்டுப்பட்ட முனை டேஷ்போர்டுக்குள் எங்காவது இரும்பில் பட்டால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

புது அலாரமும் இப்போது உதவாது. புதுப் பெட்டியையும் அதே துருப்பிடித்த பானெட் சுவிட்சில், அதே தளர்ந்த எர்த்தில் (பேட்டரி நெகட்டிவை வண்டியின் உடம்போடு சேர்க்கும் இணைப்பு), அதே பழைய இணைப்புகளில்தான் மாட்டுவார்கள். அடுத்த மழைக்கு அதுவும் அலறும். பழைய வண்டிகளில் அலாரப் பெட்டி கெட்டுப்போவது குறைவு. தன் ஒயர்களில் வருகிற தகவலை அது அப்படியே நம்பி வேலை செய்கிறது. தவறான தகவல் எந்த ஒயரில் வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டரும் சில மாலைப் பொழுதுகளும் இருந்தால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

உங்கள் கடிதத்தில் உள்ளவை மூன்று தனித்தனிக் கோளாறுகள்: இரவில் அலறுவது, காலையில் ஸ்டார்ட் ஆகாதது, ரிமோட்டின் தூரம் குறைந்தது. மூன்றுக்கும் ஒரே காரணம் இருந்தாக வேண்டும் என்று எண்ணித் தேடினால் குழம்பிப் போவீர்கள். மூன்றையும் சேர்த்துப் பாதிக்கக்கூடியவை பேட்டரி வோல்டேஜும் எர்த்தும். ஆகவே அங்கே தொடங்குவோம்.

கை வைக்கும் முன் சில எச்சரிக்கைகள். சைரன் பக்கத்தில் வேலை செய்யும்போது காதை அடைத்துக்கொள்ளுங்கள். பானெட்டுக்குள் நின்று அதைக் கேட்டால் செவி பாதிக்கும் அளவுக்குச் சத்தம் வரும். ஸ்டீயரிங்குக்குக் கீழே மஞ்சள் உறை போட்ட ஒயர்கள் இருந்தால் அவை ஏர்பேக்குக்கு உரியவை, மீட்டர் முனையால்கூடத் தொடாதீர்கள். பல்பு வைத்த டெஸ்ட் லேம்ப்பை எலக்ட்ரானிக் ஒயர்களில் வைக்காதீர்கள். அந்த பல்பு இழுக்கும் கரன்ட் சிறிய சர்க்யூட்களைக் கெடுத்துவிடும். சில சைரன்களின் உள்ளேயே சிறு பேட்டரி ஒன்று இருக்கும், உடம்பில் சாவித் துவாரம் இருந்தால் அந்த வகை என்று தெரிந்துகொள்ளலாம். வண்டியின் பேட்டரியைக் கழற்றினாலோ, வோல்டேஜ் விழுந்தாலோ அது தானாகவே அலறும். அந்தச் சாவி உங்களிடம் இல்லாவிட்டால், உள்ளே இருக்கும் பழைய பேட்டரியும் செத்துப்போயிருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், சாதாரண சைரன் ஒன்றை மாற்றிவிடுவதே நல்லது. அந்தச் சைரனே இரவுத் தொல்லைக்குக் காரணமாக இருந்த வண்டிகளும் உண்டு. ரிமோட்டுக்கு அடங்காமல் அலறினால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உங்களுடையது ரிமோட்டுக்கு அடங்குகிறது என்பதால் வேறு இடத்தில் தேடுவோம்.

புது பேட்டரி என்பதால் அதில் சார்ஜ் இருக்கிறது என்று அர்த்தமில்லை. இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் முனைகளில் மீட்டர் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் எதுவோ இரவெல்லாம் கரன்டைத் தின்கிறது, அல்லது பகலில் சார்ஜ் சரியாக ஏறவில்லை. ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். பழைய அலாரங்களில் சில, வோல்டேஜில் ஏற்படும் திடீர்ச் சரிவையே ‘யாரோ கதவைத் திறந்தார்கள், உள்விளக்கு எரிந்தது’ என்று எடுத்துக்கொள்ளும்படி செய்யப்பட்டவை. சோர்ந்த பேட்டரியும், எஞ்சின் நின்ற பிறகும் ஓடும் ரேடியேட்டர் விசிறியும் சேர்ந்தால் அந்த வகை அலாரம் காரணமில்லாமல் அலறும்.

காலை வோல்டேஜ் குறைவாக இருந்தால் மட்டும் கரன்ட் கசிவை அளந்து பாருங்கள். கதவை மூடி, பானெட் சுவிட்சைக் கட்டி அழுத்தி வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் முனைக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வையுங்கள். வண்டியில் உள்ள மற்ற பெட்டிகள் உறங்கப் போக அரை மணி நேரம்கூட ஆகலாம், பொறுத்திருங்கள். 50 மில்லி ஆம்பியருக்குள் நின்றால் கவலையில்லை. 300 என்று காட்டினால் ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-மணி (Ah) போகிறது என்று கணக்கு. 60 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கே நாளில் பாதியாகிவிடும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவிப் பார்த்து, எதை உருவும்போது அளவு சட்டென்று விழுகிறதோ அந்த வழியைத் தேடுங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள், மீட்டரின் உள் ஃபியூஸ் போய்விடும்.

அடுத்து, பலரும் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம். எதனால் அலறியது என்பதைப் பெரும்பாலான அலாரங்கள் நினைவில் வைத்திருக்கும். டேஷ்போர்டில் மின்னும் சிறு சிவப்பு விளக்குதான் அதைச் சொல்லும். அலறியபின் ரிமோட்டால் அணைக்கும்போது வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சில ‘பீப்’ வரும். அப்போது கதவைத் திறந்து அந்த விளக்கைப் பாருங்கள். இரண்டு மின்னல், ஓர் இடைவெளி, மறுபடி இரண்டு மின்னல் என்பது போல ஓர் ஒழுங்கில் மின்னும். அந்த எண்ணிக்கைதான் கதவா, பானெட்டா, அதிர்வு சென்சாரா என்று சொல்கிறது. சாவியைத் திருப்பி இக்னிஷனைப் போட்ட உடனே இந்த நினைவு பெரும்பாலும் அழிந்துவிடும். நீங்கள் அவசரமாகச் சாவியைத் திருப்பும் அந்த நொடியில் சாட்சி போய்விடுகிறது. எனவே முதலில் எண்ணுங்கள், எழுதி வையுங்கள், பிறகு சாவியைத் தொடுங்கள். எந்த எண் எதைக் குறிக்கிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். புத்தகம் இல்லாத குறையை நீங்களே தீர்த்துக்கொள்ளலாம்: ஜன்னல் கண்ணாடியை இறக்கி, அலாரத்தைப் போட்டு, அது முழுமையாக விழித்துக்கொள்ள ஒரு நிமிடம் விட்டு, கையை உள்ளே விட்டுக் கதவை மட்டும் திறந்து அலறவிடுங்கள். அணைத்து, எண்ணிக்கையைக் குறியுங்கள். அதேபோல் பானெட்டை மட்டும், பிறகு வண்டியைத் தட்டி அதிர்வை மட்டும். உங்கள் வண்டிக்கான அட்டவணை தயார்.

ரிமோட்டால் பூட்டும்போது சில நொடிகள் கழித்து கூடுதலாக ஒரு ‘பீப்’ வந்தால் அதையும் அலட்சியம் செய்யாதீர்கள். பல அலாரங்களில் அதற்கு ‘ஏதோ ஒன்று திறந்திருக்கிறது, அதை விட்டுவிட்டு மற்றவற்றைக் காவல் காக்கிறேன்’ என்று பொருள்.

உங்கள் விஷயத்தில் மழை என்ற ஒரு வார்த்தை மிக முக்கியம். மழைக்கு அலறும் பழைய வண்டியில் நான் முதலில் சந்தேகிப்பது பானெட் சுவிட்சைத்தான். அதை விரிவாகவே சொல்கிறேன்.

பானெட் ஓரத்தில் விரல் தடிமனில், ஸ்பிரிங் வைத்த குமிழ் போல ஒன்று நிற்கும். மூடியிருக்கும்போது பானெட் அதை அழுத்திக்கொண்டிருக்கும். திறந்தால் குமிழ் மேலே எழும்பி, உள்ளே இருக்கும் ஒயர் வண்டியின் உடம்போடு, அதாவது எர்த்தோடு, சேர்ந்துகொள்ளும். எர்த் கிடைத்ததும் பெட்டி அலறும். இதைப் பொருத்தும்போது, பானெட்டைச் சுற்றி மழைநீர் வடிந்து ஓடுகிற பள்ளத்திலேயே துளை போட்டு மாட்டிவிடுவது வழக்கம், அங்கேதான் தட்டையான இடம் கிடைக்கும் என்பதால். வருடக்கணக்கில் நீரும் தூசியும் சேர்ந்து, ரப்பர் உறை கிழிந்து, உள்ளே சேறும் பச்சைக் களிம்பும் ஏறிவிடுகின்றன. காய்ந்திருக்கும்போது பிரச்சினை தெரியாது. நனைந்ததும் அந்த ஈரச் சேறே ஒயருக்கும் உடம்புக்கும் நடுவில் சில ஆயிரம் ஓம் அளவில் வழி கொடுக்கும். சுவிட்ச் மூடியிருந்தும், பெட்டியின் கண்ணுக்குப் பானெட் திறந்ததாகத் தெரியும். நீங்கள் அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாலும் ஈரம் அங்கேயே இருப்பதால் மறுபடி அலறும். மறுநாள் வெயிலில் காய்ந்தபின் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் எல்லாம் சரியாகவே இருக்கும், அவரும் பேட்டரியையோ பெட்டியையோ குறை சொல்வார்.

சோதிப்பது எளிது. சுவிட்சின் அடியில் உள்ள ஒயரை உருவுங்கள். மீட்டரை ஓம் நிலையில் வைத்து, ஒரு முனையைச் சுவிட்சின் ஒயர் மாட்டும் தகட்டிலும் மறு முனையைப் பெயின்ட் இல்லாத இரும்பிலும் தொடுங்கள். குமிழ் மேலே இருக்கும்போது பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். விரலால் முழுக்க அழுத்தும்போது வழியே இல்லை என்று காட்ட வேண்டும். இப்போது ஒரு ஸ்பிரேயரால் சுவிட்சின் தலையிலும் சுற்றிலும் தண்ணீர் அடித்து, அழுத்தியபடியே மறுபடி பாருங்கள். ஆயிரக்கணக்கில் ஓம் எண்கள் ஏறி இறங்கி ஆடினால் திருடன் பிடிபட்டான்.

மீட்டர் இல்லையா? ஒயரை உருவி, முனையில் இன்சுலேஷன் டேப் சுற்றி, எதிலும் படாமல் ஓரமாகக் கட்டிவிட்டு இரண்டு மூன்று மழை இரவுகள் பாருங்கள். அலறவில்லை என்றால் விடை கிடைத்துவிட்டது. பானெட்டுக்கு அந்த நாட்களில் காவல் இருக்காது, கதவுகளுக்கு இருக்கும்.

துடைத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். விலை குறைந்த பொருள், புதிதாகவே மாற்றுங்கள், ரப்பர் தொப்பி உள்ளதாகப் பார்த்து. முடிந்தால் நீர் ஓடும் பள்ளத்தை விட்டு, மட்கார்டின் உள் விளிம்பில் மேடான இடத்துக்கு நகர்த்துங்கள். சுவிட்ச் தன் உடம்பு வழியாகத்தான் எர்த் எடுக்கிறது என்பதால், அது உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, இறுக்கியபின் மேலே கிரீஸ் தடவுங்கள். பழைய துளையை ரப்பர் அடைப்பால் மூடுங்கள், இல்லாவிட்டால் அங்கிருந்து துரு பரவும். கடைசியாக ஒன்று, பலரும் இதைச் சரிபார்ப்பதில்லை: பானெட் மூடும்போது குமிழ் போதுமான ஆழம் அழுந்துகிறதா? குமிழின் தலையில் சிறு களிமண் உருண்டை வைத்து மூடித் திறந்தால், அது எவ்வளவு நசுங்கியது என்பதில் மிச்ச இடைவெளி தெரியும். குறைந்தது 6 மில்லிமீட்டராவது குமிழ் கீழே இறங்க வேண்டும். பானெட்டைத் தாங்கும் ரப்பர் முட்டுகள் உயர்ந்து நின்றாலும், பூட்டு தளர்ந்திருந்தாலும் குமிழ் விளிம்பில் நின்றுகொண்டிருக்கும். பலமான காற்று போதும், அலறிவிடும்.

பானெட் சுவிட்ச் சுத்தம் என்று தெரிந்தால் அதிர்வு சென்சாருக்கு வாருங்கள். டேஷ்போர்டுக்குக் கீழே, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் பெட்டி, பெரும்பாலும் நான்கு ஒயர் கொண்ட தனி பிளக்குடன் இருக்கும். ஒட்டியிருந்த பசை காய்ந்து, சென்சார் ஒயரில் தொங்கிக்கொண்டு ஆடுவதைப் பழைய வண்டிகளில் அடிக்கடி காணலாம். தடித்த ஒயர்க் கட்டோடு நைலான் டையால் இறுக்குங்கள், அல்லது ஸ்டீயரிங் தாங்கும் இரும்புப் பட்டையில் உறுதியாகப் பொருத்துங்கள். பிக்கப்புக்கே உரிய தொல்லையும் ஒன்று உண்டு. காலியான லோடு பாடி, ஆடும் பின்கதவு, அதன் சங்கிலி, சரியாகக் கட்டாத ஸ்டெப்னி, இருக்கைக்குப் பின்னால் உருளும் ஜாக்கி இவையெல்லாம் காற்றுக்கும் கனரக வண்டிகள் கடந்து போவதற்கும் தட்டித் தட்டிச் சென்சாரை எழுப்பும். கனத்த மழைத்துளி கூரையில் விழுவதே போதும் என்கிற அளவுக்குச் சிலர் திருகைக் கூட்டி வைத்திருப்பார்கள்.

சென்சாரின் பிளக்கை உருவிவிட்டு அலாரத்தைப் போட்டு சில இரவுகள் பாருங்கள். அமைதி என்றால் அதைச் சரிசெய்ய வேண்டும். மேலே உள்ள சிறு திருகைக் கொஞ்சமாகத் திருப்பி, ஒவ்வொரு முறையும் அலாரம் போட்ட ஒரு நிமிடத்துக்குப் பிறகு, முஷ்டியின் சதைப்பகுதியால் முன்கண்ணாடி ஓரத் தூணில் தட்டுங்கள். கண்ணாடியில் தட்டாதீர்கள். மெல்லத் தட்டினால் எச்சரிக்கை ‘பீப்’, ஓங்கித் தட்டினால் முழு அலறல் என்ற நிலையில் நிறுத்துங்கள். பானெட் சுவிட்சையும் சென்சாரையும் ஒரே இரவில் கழற்றிவிடாதீர்கள். அமைதியாகிவிட்டால் எதனால் என்று தெரியாமலே போகும். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்.

கதவுச் சுவிட்சுகளுக்கு உள்விளக்கே சாட்சி. குலுங்கும் சாலையில் அது விட்டுவிட்டு எரிந்தால் ஏதோ ஒரு கதவின் சுவிட்ச் தளர்ந்திருக்கிறது. கதவு நிலையில் குமிழ் வகையாக இருந்தால் பானெட் சுவிட்சுக்குச் சொன்ன அதே சோதனை. பூட்டுக்குள்ளேயே சுவிட்ச் அடங்கிய வகையாக இருந்தால் பூட்டின் வாய்க்குள் கான்டாக்ட் கிளீனர் அடித்து, கதவைப் பலமுறை திறந்து மூடி, பிறகு லேசான எண்ணெய் ஸ்பிரே விடுங்கள், கெட்டிக் கிரீஸ் வேண்டாம். பின்பக்கம் அரைக்கதவு உள்ள பிக்கப்பாக இருந்தால் அதை மறந்துவிடாதீர்கள். அது அதிகம் திறக்கப்படாததால் அங்கே களிம்பு சீக்கிரம் ஏறும். ஓட்டுநர் கதவின் கீல் தேய்ந்து கதவு தொங்கினாலும் குமிழ் சரியாக அழுந்தாது. கதவு மூடியபின் உள்விளக்கு மெல்ல மங்கி அணையும் வண்டியாக இருந்தால், அது அணைவதற்கு முன் அலாரம் போட்டால் கதவு திறந்திருப்பதாகப் பெட்டி நினைக்கும். அது கோளாறு அல்ல.

எர்த்தை ஓம் வைத்து அளப்பதில் பயனில்லை, ஒரே ஒரு இழை தொட்டுக்கொண்டிருந்தாலும் நல்லதாகவே காட்டும். வேலை செய்யும்போதுதான் அளக்க வேண்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை வண்டி உடம்பின் வெறும் இரும்பிலும் தொட்டு, ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த எர்த் கேபிளைக் கழற்றி, இரண்டு முனைகளையும் பளபளவென்று தேய்த்து இறுக்குங்கள். பிறகு சைரனை அலறவிட்டு, அலாரப் பெட்டியின் கறுப்பு ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவில் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் போகக்கூடாது. டேஷ்போர்டுக்குள் பெயின்ட் மேலேயே ஒரு தகட்டுத் திருகைப் போட்டு அந்தக் கறுப்பு ஒயரை மாட்டியிருப்பார்கள். அதை வேறு சுத்தமான போல்ட்டுக்கு மாற்றுவதாலேயே பாதிப் புகார்கள் தீர்ந்த வண்டிகள் உண்டு.

காலையில் ஸ்டார்ட் ஆகாததற்கு இப்போது வருவோம். இதைத்தான் நீங்கள் சீக்கிரம் சரிசெய்ய வேண்டும். இரவில் அலறுவது தொந்தரவு. இது உங்களை ஆளில்லாத இடத்தில் நிறுத்திவிடும்.

அடுத்த தடவை வண்டி மறுக்கும்போது, ரிமோட்டைத் தொடுவதற்கு முன் அந்தச் சிவப்பு விளக்கைப் பாருங்கள். அது மின்னிக்கொண்டிருந்தால் பெட்டி வேண்டுமென்றே ஸ்டார்ட்டரைப் பிடித்து வைத்திருக்கிறது. பல அலாரங்களில், சாவியை எடுத்துச் சிறிது நேரமானால், நீங்கள் ரிமோட்டால் பூட்டாவிட்டாலும், ஸ்டார்ட்டர் தடை தானாகவே விழுந்துவிடும் ஏற்பாடு உண்டு. முன்பு வைத்திருந்தவர் அதைப் போட்டு வைத்திருக்கலாம். கதவைச் சாவியால் திறந்து ஏறினால், அல்லது சோர்ந்த ரிமோட்டின் அழுத்தம் பெட்டிக்குப் போய்ச் சேரவில்லை என்றால், தடை விலகாது. இரண்டு மூன்று தடவை அழுத்தியபின் கிளம்புவது இதோடு நன்றாகவே பொருந்துகிறது. அப்படியானால் ஸ்டார்ட்டர் பக்கம் கோளாறே இல்லை, ரிமோட்டைச் சரிசெய்தால் தீர்ந்தது.

விளக்கு அணைந்திருந்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ரிலேவைத் தேடுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே, இக்னிஷன் சுவிட்சிலிருந்து வரும் தடித்த ஒயரைப் பின்தொடர்ந்தால், சிறு கனசதுரப் பெட்டியாக அது கிடைக்கும். அடியில் 30, 85, 86, 87, 87ஏ என்று எழுதியிருக்கும். 85-ம் 86-ம் காயிலுக்கு, அதாவது ரிலேவை இயக்கும் கம்பிச் சுருளுக்கு, உரியவை. ஸ்டார்ட்டர் ஒயரின் இரண்டு துண்டுகளும் 30-லும் 87ஏ-விலும் இருந்தால், ரிலே சும்மா இருக்கும்போது ஸ்டார்ட்டருக்கு வழி உண்டு, காயிலுக்கு கரன்ட் வந்தால் வழி அடைபடும். 30-லும் 87-லும் இருந்தால் தலைகீழ்: பெட்டி காயிலை இயக்கினால்தான் வண்டியே கிளம்பும். ஒயரை வெட்டாதீர்கள் என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

ஹேண்ட்பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில், ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் வைத்து, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். மீட்டரின் ஒரு முனை 30-ல், மறு முனை 87ஏ-வில், டிசி வோல்ட். ஸ்டார்ட்டர் சுழலும் நேரத்தில் இரண்டுக்கும் நடுவில் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ரிலேவின் உள்தொடர்பு கருகியிருக்கிறது. சுழலாமல் முழு பேட்டரி வோல்டேஜும் அங்கே நின்றால் வழி அறுந்திருக்கிறது. அந்த நிலையில் 85-க்கும் 86-க்கும் நடுவில் பாருங்கள். அங்கே 12 வோல்ட் இருந்தால் பெட்டிதான் பிடித்து வைத்திருக்கிறது. ஒன்றும் இல்லை என்றால் ரிலேவோ சாக்கெட்டோ கெட்டிருக்கிறது. ரிலேவை மாற்றும்போது ஐந்து கால் உள்ளதாக வாங்குங்கள், நான்கு கால் ரிலேயில் 87ஏ இருக்காது. சாக்கெட்டை மூக்கருகே கொண்டுபோய்ப் பாருங்கள். கருகிய வாடையும், துவாரத்தைச் சுற்றிப் பழுப்பேறிய பிளாஸ்டிக்கும் இருந்தால் சாக்கெட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

ரிலேவைவிட அதிகம் கெடுவது அதற்குப் போகும் ஒயர்களின் இணைப்புகள். ஒயரை வெட்டாமல் அதன் மேலேயே கடித்துக்கொள்ளும் நீல, சிவப்புப் பிளாஸ்டிக் கிளிப்புகளையும், முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகளையும் பார்த்தால் ஒவ்வொன்றாகப் பிரித்துவிடுங்கள். கிளிப்பின் பல் சில செப்பு இழைகளை அறுத்துவிட்டிருக்கும். வெயில் சூட்டில் டேப்பின் பசை வழிந்து, செம்பு கறுத்திருக்கும். கறுத்த பகுதியை நறுக்கிவிட்டு, பளிச்சென்ற செம்பு வரும்வரை உரித்து, கிரிம்ப் ஸ்லீவ் (நசுக்கி இணைக்கும் சிறு குழாய்) போட்டோ சால்டர் செய்தோ இணைத்து, மேலே சூட்டில் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடாக்குங்கள். ஸ்டார்ட்டர் வழிக்கு, பழைய ஒயர் என்ன தடிமனோ அதே தடிமன். மெல்லிய ஒயரால் ஒட்டுப் போட்டால் சூடாகி உறை உருகும். இந்த வேலைக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஏர்பேக் உள்ள வண்டியில் சில நிமிடங்கள் காத்திருங்கள்.

கம்பெனியிலேயே வரும் எஞ்சின் தடையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஃபோர்டு பிக்கப்புகளில் சிப் வைத்த சாவியும், ஜெனரல் மோட்டார்ஸ் பிக்கப்புகளில் 1990-களின் பிற்பகுதியிலிருந்து சாவித் துவாரத்திலேயே உணரி வைத்த பாஸ்லாக் முறையும் வந்தன. பாஸ்லாக் கோளாறில் பொதுவாக ஸ்டார்ட்டர் சுழலும், எஞ்சின் பிடித்து உடனே அணையும், மீட்டர் போர்டில் பாதுகாப்பு விளக்கு எரியும். உங்கள் ரிமோட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ரிமோட்டுக்கு முதலில் புது செல். பழைய ரிமோட்டுகளில் 23ஏ அல்லது 27ஏ என்ற 12 வோல்ட் சிறு உருளை செல்லோ, சிஆர் 2032 என்ற 3 வோல்ட் வட்ட செல்லோ இருக்கும். முன்னது 11 வோல்ட்டுக்கும் பின்னது 2.8-க்கும் கீழே இருந்தால் தூக்கிப் போடுங்கள். செல்லைத் தாங்கும் தகடுகளை அழிரப்பரால் தேய்த்து, கொஞ்சம் நிமிர்த்திவிடுங்கள். புது செல் போட்டும் தூரம் கூடவில்லை என்றால் பெட்டியிலிருந்து வரும் ஆன்டெனா ஒயரைப் பாருங்கள். பெட்டியிலிருந்து தனியாகத் தொங்கும் மெல்லிய ஒற்றை ஒயர் அது. யாராவது அதைச் சுருட்டி மற்ற ஒயர்களோடு கட்டியிருந்தாலும், நீளம் அதிகம் என்று வெட்டியிருந்தாலும் தூரம் போய்விடும். 433 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் கருவிக்கு அந்த ஒயர் ஏறக்குறைய 17 சென்டிமீட்டர் வேண்டும். இரும்பை ஒட்டாமல், நேராக, முன்கண்ணாடியின் கீழ் விளிம்பு நோக்கி விரித்து வையுங்கள். ரிமோட்டின் பட்டன் ரப்பர் அமுங்கியே நிற்கிறதா என்றும் பாருங்கள். அவசரப் பட்டன் அப்படி நின்றால் சட்டைப்பைக்குள் இருந்தே சைரனை எழுப்பிவிடும்.

இவ்வளவும் பார்த்தபின் பெட்டி கெட்டிருக்கிறதா என்று முடிவு செய்வது சுலபம். பானெட், கதவு, சென்சார் மூன்றின் ஒயர்களையும் கழற்றி முனைகளை மூடிவிட்டு, பெட்டியின் சிவப்பு ஒயரில் 12.6 வோல்ட்டும் கறுப்பு ஒயரில் நல்ல எர்த்தும் இருக்கும்போதும் தானாக அலறினால் பெட்டியே போய்விட்டது. அணைத்த பிறகும் பார்க்கிங் விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தால் முதலில் பின்னால் உள்ள டிரெய்லர் சாக்கெட்டில் தண்ணீர் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள். அது சுத்தமாக இருந்தால் பெட்டிக்குள் உள்ள விளக்கு ரிலே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

அப்போது புதிது வாங்குங்கள், அல்லது அலாரமே வேண்டாம் என்று முழுதாக எடுத்துவிடுங்கள். எடுப்பதற்கும் ஒரு வரிசை உண்டு. பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ரிலேவிலிருந்து ஸ்டார்ட்டர் ஒயரின் இரண்டு துண்டுகளையும் எடுத்து, நேருக்கு நேர் கிரிம்ப் செய்து மூடுங்கள். இக்னிஷனுக்கோ பெட்ரோல் பம்புக்கோ இரண்டாவதாக ஒரு தடை ரிலே வைத்திருந்தால் அதையும் அவ்வாறே சேருங்கள். பெட்டியை மட்டும் கழற்றிவிட்டு அதன் பவர் ஒயரை உள்ளே விட்டுவிடக்கூடாது, அது பேட்டரியிலோ ஃபியூஸ் பெட்டியிலோ எங்கே தொடங்குகிறதோ அங்கேயே எடுங்கள். பிறகு விளக்கு ஒயர், கதவு ஒயர், சைரன் ஒயர். கிளிப் கடித்த இடங்களையெல்லாம் சால்டர் செய்து மூடுங்கள். பேட்டரியை மாட்டி, ஸ்டார்ட்டர், பார்க்கிங் விளக்கு, இண்டிகேட்டர், உள்விளக்கு, சென்ட்ரல் லாக் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்த பிறகே டேஷ்போர்டின் கீழ் மூடியைத் திருகுங்கள்.